பாடக் கற்பித்தலும் நற்செய்திப் பணியே



மோசேயின் இறுதி நாள்களைப் பற்றி இணைச்சட்ட நூல் கூறும் செய்தியொன்றை நாம் அதிகம் கவனிப்பதில்லை. ஆண்டவர் அவரைச் சந்திப்புக் கூடாரத்திற்கு அழைத்து, அவருடைய மரணம் நெருங்கிவிட்டதென்று அறிவிக்கின்றார். நாற்பது ஆண்டுகள் அவர் வழிநடத்திய மக்கள் அவருக்குப் பின் வழிதவறிப் போவார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்கின்றார். இத்தனைக்கும் பிறகு அவரிடம் கேட்பது என்ன? ஒரு பாடலை எழுதி, அதை இஸ்ரயேல் மக்களுக்குக் கற்றுக்கொடுத்து, அவர்களுடைய வாயில் அது நிலைபெறச் செய்ய வேண்டும் என்பதே (இணைச்சட்டம் 31:19). அவர்களுடைய வழிமரபினரின் நாவிலிருந்தும் அது மறைந்துபோகாது என்று ஆண்டவர் அங்கேயே உறுதி கூறுகின்றார். மோசே அன்றைய தினமே அதை எழுதிக் கற்பித்தார்.

மக்களைக் கடல் கடக்கச் செய்தவர், கற்பலகைகளைச் சுமந்து மலையிலிருந்து இறங்கியவர், தம் வாழ்வின் கடைசி அலுவல்களுள் ஒன்றாகப் பாட்டு வாத்தியாராகவும் நின்றார் என்றால் அது மிகையாகாது. பாடக் கற்பிப்பதை எமது பங்குகளில் எந்த இடத்தில் வைத்திருக்கின்றோம் என்று எண்ணும்போதெல்லாம் இந்தப் பகுதி மனத்தை உறுத்துகின்றது.

மறைபரப்புப் பணி என்றவுடன் மறையுரையும், பாடசாலையும், மருத்துவமனையும், வீடு வீடாகச் சென்று செபிக்கும் குழுக்களும் எமது நினைவுக்கு வருகின்றன. பாட்டு அந்த வரிசையில் வருவதில்லை. திருவிழாவுக்குத் தோரணம் கட்டுவதோடு அதையும் சேர்த்து எண்ணிவிடுகின்றோம். திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழவுள்ள எமது ஆலயங்களில் சனிக்கிழமை மாலைகளில் என்ன நிகழ்கின்றது என்று சற்று நினைத்துப் பாருங்கள். வயது முதிர்ந்த ஓர் ஆசிரியையோ, உயர்தரப் பரீட்சையை முடித்துவிட்டு வேலை தேடும் இளைஞர் ஒருவரோ, பழைய ஆர்மோனியத்தின் முன் அமர்ந்து பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மறுநாள் திருப்பலிக்குரிய பதிலுரைப் பாடலைச் சொல்லிக்கொடுப்பார். துறைமுகப் பக்கமிருந்து கப்பல் ஊதும் ஒலி கேட்டால் பிள்ளைகளின் கண்கள் யன்னலுக்குப் போகும். அவர் கோபிக்காமல் முதல் அடியிலிருந்து மீண்டும் தொடங்குவார். அவரை நாம் மறைப்பணியாளர் என்று அழைப்பதில்லை. 'பாட்டு ரீச்சர்' என்கின்றோம்.

ஆனால், எமது கரைகளில் விசுவாசம் எவ்வாறு வேரூன்றியது என்று பின்னோக்கிப் பார்த்தால், அந்த ஆர்மோனியப் பெட்டியின் முன் இருப்பவர் பெரியதொரு பரம்பரையின் வாரிசு என்பது விளங்கும். 1542ஆம் ஆண்டில் புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களின் துணையோடு விசுவாசப் பிரமாணத்தையும், கர்த்தர் கற்பித்த செபத்தையும், மங்கள வார்த்தை செபத்தையும், பத்துக் கட்டளைகளையும் தமிழாக்கித் தாமே மனனம் செய்துகொண்டார். கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டினார். வாக்கியம் வாக்கியமாகத் தாம் சொல்ல அவர்கள் உரத்துச் சொல்லச் செய்தார். கற்றதை வீட்டிற்குச் சென்று தாய் தந்தையருக்கும் அயலவருக்கும் சொல்லிக்கொடுக்குமாறு அந்தச் சிறுவர்களையே பணித்தார். இது முழுமையான இசைப்பயிற்சி அன்று என்று சங்கீதம் தெரிந்தவர்கள் சொல்லக்கூடும். உண்மைதான். ஆயினும், ஒலித்து ஒலித்து நாவில் பதிய வைக்கும் அந்த முறை இசைக்கு அடுத்த வீட்டில்தான் இருக்கின்றது. சவேரியார் அடுத்த ஊருக்குப் போனபின்பும் அந்தப் பிள்ளைகளின் வாயில் செபம் நின்றது.

எமது தீவில் இதன் அருமை சோதனைக் காலத்தில் தெரிந்தது. 1639இல் ஒல்லாந்தர் திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். 1658இல் யாழ்ப்பாணமும் அவர்கள் வசமானது. அவர்களுடைய ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்களுக்கு இடமிருக்கவில்லை. 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த புனித யோசப் வாஸ் அடிகளார், கழுத்தில் செபமாலையை அணிந்து, பிச்சை கேட்பவரைப்போல வீடு வீடாகச் சென்று, அதைக் கண்டு முகம் மலர்பவர் யார் என்று பார்த்தே எம் முன்னோரை இனங்கண்டார். அவரைப் பின்தொடர்ந்து 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழையும் சிங்களத்தையும் புலமையோடு கற்று, இரு மொழிகளிலும் நூல்களும் கீதங்களும் யாத்தார். ஆண்டவருடைய பாடுகளைச் சொல்லும் அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் எமது ஆலயங்களில் உருக்கமான இராகத்தோடு வாசிக்கப்பட்டு வந்ததை மூத்த தலைமுறையினர் நன்கு அறிவர். குருவானவரின் முகத்தை ஆண்டுக்கு ஒரு தடவை காண்பதே அரிதாயிருந்த மக்களுக்கு அவர் விட்டுச் சென்றவை, வாயால் சொல்லியும் பாடியும் காத்துக்கொள்ளக்கூடிய சொத்துகள். எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டிமார் பசாமைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தடுமாறாமல் பாடுவதை எம்மில் பலர் பெரிய வெள்ளி இரவுகளில் கேட்டிருக்கின்றோம். அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

கொன்சால்வெஸ் அடிகளார் இங்கே எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், உலகின் மறுகோடியில் தென்னமெரிக்கக் காடுகளிலும் இதுபோன்றதொரு பணி நடந்தது. உரோமையிலுள்ள இயேசு சபையின் தலைமை ஆலயத்தில் ஓர்கன் வாசிப்பவராக இருந்த தொமெனிக்கோ சிப்போலி, அந்தப் புகழை விட்டு 1716இல் அச்சபையில் சேர்ந்து, மறு ஆண்டு கப்பலேறினார். இன்றைய ஆர்ஜென்டீனாவின் கோர்தோபா நகரில் குருத்துவப் படிப்பை முடித்தும், திருநிலைப்படுத்த ஆயர் ஒருவர் அங்கு இல்லாமையால் குருவாகாமலே 1726இல் இறந்தார். அவர் எழுதிய இசை மட்டும் பழங்குடி மக்களின் கிராமங்களுக்குச் சென்றது. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த மார்ட்டின் ஷ்மிட் அடிகளார் இன்றைய பொலிவியாவின் சிக்கித்தோஸ் பகுதியில் ஆலயங்களைக் கட்டினார். வயலின்களையும் ஓர்கன்களையும் தம் கையாலேயே செய்து, செய்யவும் வாசிக்கவும் அம்மக்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பாடுவதாலும் இசைப்பதாலும் ஆடுவதாலுமே தாம் மறைப்பணியாளராக இருப்பதாக அவர் கடிதமொன்றில் பொருள்பட எழுதியுள்ளார். 1767இல் ஸ்பானிய மன்னரின் ஆணையால் இயேசு சபையினர் அனைவரும் அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர். ஷ்மிட் அடிகளாரும் முதிய வயதில் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். அதற்குப் பின்பும் அந்த மக்கள் இசைத்தாள்களைப் பிரதிசெய்து பாடிவந்தனர். 1970களில் அந்தப் பழைய ஆலயங்கள் புதுப்பிக்கப்பட்டபோது, அவர்கள் காத்து வைத்திருந்த ஆயிரக்கணக்கான பக்கங்களை உலகம் கண்டு வியந்தது.

அந்தக் குடியேற்றங்களில் எல்லாமே இனிமையாக இருந்ததென்று சொல்ல நாம் வரவில்லை. அவை ஒரு பேரரசின் நிழலில் நின்றவை. ஆயினும் பேரரசு போயிற்று, பணியாளர்களும் போயினர், பாட்டு நின்றது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, எமது ஊரின் கதையில் ஒரு பக்கத்தைத் திருப்பாமல் விட்டால் அது நேர்மையாகாது. திருகோணமலைத் துறைமுகத்தின் முனையில் நிற்கும் கோட்டை எந்தக் கற்களால் எழுந்தது என்பதை நாம் அறிவோம். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டே அங்கு கோட்டை கட்டினர். அவர்களும் கழுத்தில் சிலுவை அணிந்தவர்களே. இத்துறைமுகத்தில் நற்செய்தி என்ற சொல்லைக் கேட்கும் எமது இந்துச் சகோதரர்களின் நினைவில் அந்தக் கற்கள் இன்றும் இருக்கின்றன என்பதை மறந்துவிட்டு நாம் பணிசெய்ய இயலாது. அதே வேளை இன்னொன்றையும் கவனியுங்கள். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் அந்தத் தலத்தின்மீது பாடிய பதிகத்தை எந்தப் பீரங்கியாலும் இடிக்க முடியவில்லை. கோவில் இல்லாதிருந்த நூற்றாண்டுகளிலும் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஓதுவார்கள் இருந்தார்கள். பாட்டைக் கற்றுக்கொடுப்பவரின் வலிமையை எமது ஊரிலேயே, எமது இனத்தாரே கண்டெடுத்து வைத்திருக்கின்றார்கள்.

ஆகவேதான் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். இசை கற்பிப்பது மறைப்பணிக்கு முன்னால் போடும் தூண்டில் இரையாகிவிடக் கூடாது. 2004இல் கட்டாய மதமாற்றத்தைத் தடைசெய்யும் சட்டமூலமொன்று எமது பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டபோது நாம் மனம் வருந்தினோம். சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உயர் நீதிமன்றம் கூறியபோது ஆறுதலடைந்தோம். ஆனால், அந்தச் சட்டமூலத்தின் பின்னால் இருந்த அச்சம் முழுவதும் கற்பனை என்று எம்மால் சொல்ல முடியுமா? இலவச வகுப்பு, இலவசப் புத்தகம், பிறகு மெல்ல ஓர் அழைப்பு என்ற முறையில் சிலர் நடந்துகொண்டதை எமது அயலவர் கண்டிருக்கின்றார்கள். பாட்டு வகுப்புக்கு வரும் இந்துப் பிள்ளையின் தாய் அதைப்பற்றி யோசிப்பதில் வியப்பில்லை.

அப்படியானால் அந்த வகுப்பு எவ்வகையில் மறைப்பணி ஆகின்றது என்று நீங்கள் கேட்கலாம். பிலிப்பி நகரச் சிறையில் பவுலும் சீலாவும் நள்ளிரவில் இறைவனைப் புகழ்ந்து பாடினார்கள் என்றும், மற்றக் கைதிகள் அதைச் செவிமடுத்துக் கொண்டிருந்தார்கள் என்றும் திருத்தூதர் பணிகள் நூல் சொல்கின்றது (16:25). அவர்கள் பாடியது இறைவனுக்கு. அருகிலிருந்தவர்கள் கேட்டது கேட்டதுதான்; அதற்கு யாரும் வருகைப் பதிவு எடுக்கவில்லை. ஒரு பிள்ளைக்குச் சுருதியோடு சேர்ந்து நிற்கவும், மூச்சை அடக்கிப் பயன்படுத்தவும், பக்கத்திலிருப்பவரின் குரலைக் கேட்டுத் தன் குரலைத் தாழ்த்தவும் ஒருவர் கைம்மாறு கருதாமல் ஆண்டுக்கணக்கில் கற்றுக்கொடுக்கின்றார் என்றால், அந்தப் பொறுமையில் அவர் யாருக்குச் சாட்சி பகர்கின்றார் என்பதை அந்தப் பிள்ளை ஒருநாள் உணரும். உணராமலும் போகலாம். அப்போதும் கொடுத்தது வீணாகாது.

மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் இயேசு சபையினரிடம் கல்வி கற்ற காரைதீவுச் சிறுவன் ஒருவன் பின்னாளில் இராமகிருஷ்ண மடத்துத் துறவியானான். பழந்தமிழர் இசையை ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை வெளியிட்ட சுவாமி விபுலாநந்தர் அவரே. எமது திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராகவும் அவர் இருந்தார். அவரை இழந்துவிட்டோம் என்று அன்றைய குருக்கள் எண்ணியிருந்தால் அது எத்தனை சிறிய கணக்காக இருந்திருக்கும்! அதே இயேசு சபையின் அமெரிக்கக் குருவானவர் யூஜின் ஹெபேர்ட் அடிகளார் கிழக்கிலங்கையில் கூடைப்பந்தாட்டத்தைக் கற்பித்தார். 1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15ஆம் திகதி, மரியன்னையின் விண்ணேற்புப் பெருநாளன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்டவர் வீடு திரும்பவில்லை. அவரிடம் பந்தைப் பிடிக்கக் கற்றவர்கள் எல்லாச் சமயத்திலும் இருக்கின்றார்கள். அவருடைய மறைப்பணியை எப்படிக் கணக்கிடுவது?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் திகதி வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு இவ்விடயத்தைத் தெளிவாகவே பேசுகின்றது. மறைபரப்பு நாடுகளின் மக்களுக்குச் சொந்தமான இசை மரபு உண்டு, அதற்குரிய மதிப்பு அளிக்கப்பட வேண்டும், மறைப்பணியாளர்கள் அந்த இசையைப் பாடசாலைகளிலும் வழிபாட்டிலும் வளர்க்கத் தக்கவாறு பயிற்சி பெற வேண்டும் என்பது அதன் 119ஆம் பிரிவின் கருத்து. இதை உண்மையாக எடுத்துக்கொண்டவர்கள் எம்மிடையே இருந்தார்கள். 1965இல் யாழ்ப்பாணத்தில் திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கிய நீ. மரியசேவியர் அடிகளார், 2021இல் இறைபதம் அடையும்வரை கூத்தையும் இசையையும் நாடகத்தையும் தம் குருத்துவப் பணியாகவே செய்தார். போரின் கடுமையான ஆண்டுகளிலும் அம்மன்றத்தின் அரங்குகள் ஓயவில்லை. தமிழகத்தின் திருச்சிராப்பள்ளியில் அருட்தந்தை எஸ். எம். ஜோர்ஜ் 1977இல் தொடங்கிய கலைக்காவிரி, இன்று கர்நாடக சங்கீதமும் பரதநாட்டியமும் கற்பிக்கும் கல்லூரியாக வளர்ந்துள்ளது.

இவ்வளவு தூரம் போகவேண்டியதுமில்லை. எமது பாலையூற்றுப் பகுதியில் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியர் குடும்பங்களைப் பாருங்கள். அவர்களுடைய மொழியைப் பேசுவோர் குறைந்துகொண்டே வருகின்றனர். இளையவர்கள் தமிழிலேயே பேசிப் பழகுகின்றார்கள். ஆனால் திருமண வீட்டில் வயலினும் மேளமும் ஒலிக்கத் தொடங்கினால், மொழி தெரியாத பிள்ளைக்கும் அந்தப் பாட்டும் ஆட்டமும் தெரிகின்றன. யாரோ ஒரு மாமாவும் ஒரு பாட்டியும் வில்லைப் பிடிக்கவும் அடி எடுத்து வைக்கவும் சொல்லிக்கொடுத்ததன் பயன் அது. சொல் மறைந்த பின்னும் இராகம் நிற்கும் என்பதற்கு எமது பேருந்துத் தரிப்பிடத்துக்கு அருகிலேயே இவ்வளவு தெளிவான சாட்சி இருக்கும்போது, வேறு ஆதாரம் எதற்கு?

இனி எம் குறைகளுக்கு வருவோம். இப்பந்தியை எழுதுபவனும் அதில் பங்காளியே. சிறுவயதில் எனக்குப் பாட்டுச் சொல்லித்தந்த உபதேசியார், ஒவ்வோர் அடியையும் தம் விரலால் மேசையில் தட்டித் தட்டிக் கற்பித்தார். அவர் நோயுற்றிருந்தபோது ஒருமுறைகூட நான் போய்ப் பார்க்கவில்லை. அவர் கற்பித்த அந்தோனியார் பாடலை மட்டும் இன்றும் பிழையின்றிப் பாடுகின்றேன்.

இன்று பல ஆலயங்களில் நிலைமை என்ன? திருவிழா வந்துவிட்டால் வெளியூரிலிருந்து கீபோர்ட் வாசிப்பவரை நல்ல பணம் கொடுத்து அழைக்கின்றோம். பொத்தானை அழுத்தினால் தாளம் தானே ஓடுகின்றது. ஒலிபெருக்கிகள் ஆலயத்தை அதிரச் செய்கின்றன. நால்வர் பாட, இறைமக்கள் கேட்டு நிற்கின்றார்கள். சில இடங்களில் பதிவுசெய்த இசையைப் போட்டு அதன்மேல் பாடுகின்றார்கள். அந்த இசை யாருக்காகவும் நிற்பதில்லை. மூச்சு வாங்கும் முதியவருக்காகவும், அடி தவறிய சிறுமிக்காகவும் காத்திருக்க ஒரு மனிதர் வேண்டும். இந்த வசதிகளெல்லாம் தீயவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆண்டு முழுவதும் பிள்ளைகளோடு அமர்ந்திருந்த ஆசிரியை திருவிழா நாளில் பின்வரிசைக்குத் தள்ளப்படும்போது, பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றார்கள்.

பெற்றோரிடமும் ஒன்று கேட்கவேண்டும். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைக்குப் பிள்ளையை அனுப்பச் செலவு பாராத எமது குடும்பங்களில், தரச் சான்றிதழ் சுவரில் ஏறியபின் அந்தப் பிள்ளையின் குரல் ஆலயத்தில் கேட்பதில்லையே, ஏன்? புலமைப்பரிசில் வகுப்பென்றும், சாதாரண தர வகுப்பென்றும் ஞாயிறு காலை முழுவதும் ரியூசனுக்குப் போய்விடுகின்றது. மறைக்கல்வியையே தவறவிடும் பிள்ளை, பாடற் பயிற்சிக்கு எப்படி வரும்? பரீட்சையின் பயத்தை நாம் அறியாமலில்லை. எமது பகுதியில் படிப்பு ஒன்றுதான் போரும் ஆழிப்பேரலையும் பறிக்காமல் விட்ட முதல் என்பது பெற்றோரின் அனுபவம். ஆயினும், வாரத்தில் ஒரு மணித்தியாலம் குறைந்தால் எந்தப் பரீட்சையும் தவறிப்போகாது.

தாவீது அரசர் ஆண்டவரின் இல்லத்திற்குப் பாடகர்களை நியமித்தபோது, பயிற்சி பெற்று வல்லமை அடைந்தவர்கள் 288 பேர் இருந்தனர் என்றும், அவர்களுள் சிறியவர் பெரியவர் என்றோ, ஆசிரியர் மாணவர் என்றோ வேறுபாடின்றிச் சீட்டுப் போட்டார்கள் என்றும் முதலாம் குறிப்பேடு சொல்கின்றது (25:7-8). அங்கே அது ஆலயப் பணிகளுள் ஒன்றாக, பெயரோடு பதியப்பட்ட பணியாக இருந்தது. எமது பங்குச் சபைகளின் ஆண்டுக் கணக்கில் மின்குமிழுக்கும் வர்ணப்பூச்சுக்கும் நிரல் இருக்கின்றது. பாட்டுக் கற்பிப்பவரின் போக்குவரத்துச் செலவுக்கு ஒரு நிரல் இருக்கின்றதா என்று அடுத்த கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்டால் நல்லது. மிருதங்கமோ வயலினோ கற்க ஆர்வமுள்ள ஓர் இளைஞரைத் தெரிவுசெய்து பங்கின் செலவில் முறையாகப் பயில வைத்தால், ஐந்து ஆண்டுகளில் அவரிடம் ஐம்பது பிள்ளைகள் கற்பார்கள். ஒரு திருவிழாவின் பட்டாசுச் செலவைவிட அது அதிகமாக இராது.

வருகின்ற சனிக்கிழமை மாலை உங்கள் பிள்ளையை நீங்களே அழைத்துச் செல்லுங்கள். கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பாமல் ஒரு பாட்டு முடியும்வரை அங்கே இருங்கள். குரல் ஒத்துழைத்தால் சேர்ந்து பாடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் வர விரும்பினால், அது எந்தச் சமயத்துப் பிள்ளையாயினும், தாய் தந்தையரிடம் முதலில் கேட்டு, என்ன பாட்டு, எதற்காக என்று ஒளிவின்றிச் சொல்லி அழைத்துச் செல்லுங்கள். திருப்பாடல் வேண்டாமென்றால் சுருதியும் தாளமும் மட்டும் கற்கட்டும். அந்தப் பிள்ளையின் தாய் ஆலய வாசலுக்கு வெளியே, உள்ளே வரலாமா கூடாதா என்று தயங்கி, வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருப்பார். அவருக்கு ஒரு கதிரை எடுத்துப் போடுங்கள்.